ஹோம் கேர் விசா: 7 வாரமா ஷிஃப்ட் இல்ல, சம்பளமும் இல்ல. என்ன வழி?

ரோட்டா_காலி:
இங்கிலாந்து, கேர் ஒர்க்கர் ஸ்பான்ஸர் விசா (வேலை குடுக்கிற கம்பெனிதான் ஸ்பான்ஸர்). காண்ட்ராக்ட்ல வாரம் 39 மணி நேரம், மணிக்கு 12.82 பவுண்டு. கம்பெனி கையில கிளையண்ட் இல்லைன்னு 7 வாரமா ரோட்டா (ஷிஃப்ட் அட்டவணை) வரல. கொரோனா நேரத்துல வேலை இல்லாதவங்க சம்பளத்துக்கு அரசு குடுத்த ஃபர்லோ மாதிரி ஏதாவது கேக்கலாமா? அரசு உதவித்தொகை, யூனிவர்சல் கிரெடிட் போடலாமா? "எனக்கு அன்பெய்ட் லீவு வேணும்"னு ஒரு லெட்டர்ல மேனேஜர் கையெழுத்து கேக்குறார். போடலாமா?

பேஸ்லிப்:
முதல்ல அந்த லெட்டர். போடாதீங்க. கம்பெனி வேலை குடுக்கலங்கிறது, நீங்களே லீவு கேட்டதா மாறிடும். அப்புறம் பாக்கிச் சம்பளம் கேக்க வாயில்லை. இன்னொரு சிக்கல்: சம்பளமில்லாத லீவு ஒரு வருஷத்துல மொத்தம் 4 வாரத்தைத் தாண்டினா, நோய், மகப்பேறு மாதிரி சில விலக்கு போக, ஸ்பான்ஸர்ஷிப்பையே நிறுத்தணும்னு விதி.

ஃபர்லோ 2021 செப்டம்பர் 30-ஓட முடிஞ்சுது. இப்ப உங்க பலம் காண்ட்ராக்ட்தான். வாரம் 39 மணின்னு உறுதியா எழுதியிருந்து, "லே ஆஃப்" (வேலை இல்லாதப்ப சம்பளமில்லாம நிறுத்தி வைக்கிற) ஷரத்து எதுவும் இல்லைன்னா, ரோட்டா காலியா இருந்தாலும் சம்பளம் தரணும். வாரம் 499.98, 7 வாரத்துக்கு 3,499.86 பவுண்டு. சும்மா விடுற தொகையா?

திங்கட்கிழமைதோறும் ஒரு ஈமெயில்: "இந்த வாரம் வேலைக்குத் தயார், ரோட்டா அனுப்புங்க." போன்ல பேசினா ஆதாரம் நிக்காது. ரோட்டா ஆப்ல காலியா இருக்கிற வாரங்களைத் தேதி தெரியிற மாதிரி இன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுங்க; தகராறு வந்தா முதல்ல போறது அந்த லாகின்தான். அடுத்து கம்பெனிக்கு எழுத்துல கிரீவன்ஸ், அதாவது முறைப்படி புகார். பதில் வரலைன்னா ஏகாஸ்ங்கிற (Acas) வேலைத் தகராறு அமைப்புல ஏர்லி கன்சிலியேஷன் (சமரசப் பேச்சு), இலவசம். அதை முடிச்சாத்தான் டிரிப்யூனல் (தொழிலாளர் தீர்ப்பாயம்). சம்பளம் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து 3 மாசத்துக்கு ஒரு நாள் குறைவா கெடு. கிரீவன்ஸ் பதிலுக்குக் காத்திருந்தே நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கிரீவன்ஸ் போட்டா கெடு நிக்காது.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
தம்பி, யூனிவர்சல் கிரெடிட் பக்கம் போகாதேங்கோ. உங்கட விசாவில பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவிக் காசு) இல்லை எண்டுதான் இருக்கும். வருமானம் குறைஞ்சவைக்கு வீட்டு வரியைக் குறைக்கிற கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷனும் அதுக்குள்ளதான் வரும். ஆனா வீட்டில தனி ஆளா இருந்தால் அந்த வரியில கிடைக்கிற 25% தள்ளுபடி அதுக்குள்ள வராது, அதைக் கேக்கலாம். இலவசமாச் சாப்பாட்டுச் சாமான் குடுக்கிற ஃபுட் பேங்கும் பிரச்சினை இல்லை. சின்னப் பிள்ளையள் இருந்து சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வழியில்லை எண்டால், கவுன்சிலிட்ட 1989 சில்ட்ரன் ஆக்ட் செக்ஷன் 17 (கஷ்டத்தில இருக்கிற பிள்ளையளுக்கு உதவுற சட்டப்பிரிவு) எண்டு அந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கோ. பொதுவா "உதவி வேணும்" எண்டால் ஹவுசிங் கவுண்டருக்கு அனுப்பிப்போடுவினம்.

ரோட்டா_காலி:
நன்றி அக்கா. அதுவரைக்கும் வேற ஏஜென்சில 20 மணி நேரம் பார்க்கலாமா?

பேஸ்லிப்:
அங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க. அந்த 20 மணி, ஸ்பான்ஸர்கிட்ட வேலை நடந்துக்கிட்டிருக்கும்போது கூடுதலாப் பார்க்க. அங்க வேலையே இல்லைன்னா இதுவும் நிக்காது. கையில காசு வாங்குற வேலை இன்னும் மோசம்.

நேரான வழி, புது ஸ்பான்ஸர். புது சி.ஓ.எஸ். (கம்பெனி தர்ற ஸ்பான்ஸர்ஷிப் சான்று), புது விசா விண்ணப்பம், முடிவு வந்த பிறகுதான் வேலையில சேரணும். விசாவோட சேர்த்துக் கட்டுற மருத்துவக் கட்டணம், ஹெல்த் சர்சார்ஜ், இந்த விசாவுக்குக் கிடையாது. வெளிநாட்டிலிருந்து புதுசா கேர் ஒர்க்கர் எடுக்கிறது 2025 ஜூலை 22-ல நின்னுபோச்சு. அதனால ஏற்கனவே இங்க இருக்கிறவங்களைத்தான் கம்பெனிகள் தேடுது. ஸ்பான்ஸர்கிட்ட போதுமான வேலை கிடைக்காதவங்களுக்கு புது ஸ்பான்ஸர் தேடித்தர இங்கிலாந்துல ரீஜனல் பார்ட்னர்ஷிப்னு இருக்கு. உங்க பகுதியோடதுல பதிஞ்சு வைங்க. கோபத்துல ராஜினாமா மட்டும் வேண்டாம். ஸ்பான்ஸர் ரிப்போர்ட் பண்ணி ஹோம் ஆபீஸ் விசாவைக் குறைச்சா பொதுவா 60 நாள்தான் கிடைக்கும். விசாவைக் குறைச்ச கடிதம் ஈமெயில்லதான் வரும், ஸ்பாம் ஃபோல்டரையும் பாருங்க.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
வெளிக்கிடேக்க கம்பெனி "விசா செலவைத் திருப்பித் தா" எண்டு பில் நீட்டினால் ஒவ்வொரு வரியாப் பாருங்கோ. வெளிநாட்டு ஆளை எடுக்க கம்பெனி அரசுக்குக் கட்டுற இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜை உங்களிட்ட வாங்கவே ஏலாது. 2024 டிசம்பர் 31 தொடக்கம் குடுத்த சி.ஓ.எஸ். எண்டால் அதின்ர காசும் அப்பிடித்தான். டிரெய்னிங் காசு, டிக்கெட் காசு வேற கதை; காண்ட்ராக்டில என்ன எழுதியிருக்கு எண்டு பாத்துத்தான் சொல்லலாம்.