ஹொரைசான் 202: இடது ஓரம் மட்டும் மங்கலா வருது, என்ன பண்ணலாம்?

மெரினா_35
வணக்கம் மக்களே, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹொரைசான் 202 வாங்கியிருக்கேன், லென்ஸ் சுத்தி அகலமா பனோரமா படம் எடுக்கற ஃபிலிம் கேமரா. முதல் ரோல் மெரினாலயும் கபாலி கோயில் தெப்பக்குளத்துலயும் எடுத்தேன். எல்லா ஃப்ரேம்லயும் இடது ஓரம் சொதசொதன்னு இருக்கு, நடுவுல ஷார்ப்பாதான் இருக்கு. பக்கத்துல நின்ன பூக்காரம்மாவும் கொஞ்சம் மங்கல். வானத்துல வேற செங்குத்தா வெளிர் கோடுங்க. ஃபோகஸ் அட்ஜஸ்ட் பண்ண வழி இருக்கா?

தெப்பக்குளத்தான்
ப்ரோ, இதுல ஃபோகஸ் ரிங்கே கிடையாது. லென்ஸ் 28 எம்எம், அது சுத்திக்கிட்டே ஃபிலிம்ல படத்தை வரையுது, ஃபிலிம் வளைவா நிக்குது. லென்ஸை முன்ன பின்ன நகர்த்தினா சுத்தறப்பவே படம் இழுபட்டுடும், அதனாலதான் ஃபிக்ஸ் பண்ணி வச்சிருக்காங்க. பூக்காரம்மா மாதிரி கிட்ட இருக்கறவங்களுக்கு லென்ஸ் துவாரத்தை எஃப் 11, எஃப் 16னு சின்னதாக்கி எடுங்க, சரியாயிடும்.

ஆனா இடது ஓரம் வேற கதை. ஒரே பக்கம், எல்லா தூரத்துலயும் மங்கல்னா ஃபிலிம் அந்த இடத்துல வளைவோட ஒட்டாம தூக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் ரோலர் இருக்குல்ல, ஃபிலிம் ரெண்டுக்கும் அடியில போகணும். லென்ஸ் இடம் வலம் மாத்திதான் ஃபிலிம்ல போடும், அதனால படத்துல இடதுன்னா பின்மூடி திறந்து பாக்கறப்ப வலது பக்க ரோலரைப் பாருங்க. வேஸ்ட் ஃபிலிம் ஒண்ணு போட்டு மூடி திறந்தபடியே வைண்ட் பண்ணிப் பாத்தா கண்ணுக்கே தெரிஞ்சிடும்.

ராயபுரம்_நெகட்டிவ்
கோட்டுக்கு நெகட்டிவைத்தான் பாக்கணும், ஸ்கேனைப் பாத்து சொல்ல முடியாது. கோடு ஃப்ரேமுக்குள்ளயே நிக்குதுன்னா லென்ஸ் உக்காந்திருக்கற ட்ரம் ஒரே வேகத்துல சுத்தல, பழைய கிரீஸ் இறுகியிருக்கும். ஃபிலிம் ஓரத்துல இருக்கற பல் ஓட்டை வரைக்கும் ஓடியிருந்தா வெளிச்சம் எங்கயோ கசியுது. முதல்ல சொன்னதுன்னா ஃபிலிம் போடறதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவை காலியா க்ளிக் பண்ணுங்க, ஓரளவு இளகும், இல்லன்னா தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கழுவி சுத்தம் பண்ணக் குடுங்க. நீங்களா உள்ள எண்ணெய் மட்டும் விட்றாதீங்க ப்ளீஸ், லென்ஸ்ல படிஞ்சிடும்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல ஏசி ரூம்ல இருந்து நேரா பீச்சுக்கு எடுத்துட்டுப் போனா லென்ஸ்ல பனி புடிச்சிடும், அதுவும் மங்கலாதான் தெரியும். பையிலயே கொஞ்ச நேரம் விட்டுட்டு அப்புறம் எடுங்க.

மெரினா_35
ரொம்ப நன்றிணா. வேஸ்ட் ஃபிலிம் போட்டுப் பாத்தேன், வலது ரோலருக்கு மேலதான் போயிருக்கு! கோடு ஃப்ரேமுக்குள்ளயேதான் இருக்கு. லேப்ல நெகட்டிவை ஃப்ரேம் நடுவுலயே வெட்டிட்டாங்க, அதுக்கு என்ன சொல்லணும்?

தெப்பக்குளத்தான்
இதுல ஃப்ரேம் 24க்கு 58 எம்எம், அவங்க சாதாரண கேமராவோட 36 எம்எம் அகலக் கணக்குலதான் வெட்டுவாங்க. "டெவலப் மட்டும், வெட்ட வேணாம், சுருட்டிக் குடுங்க"ன்னு கவர்லயே எழுதிடுங்க. அப்புறம் வீட்டுல லைட் பேட்ல (வெளிச்சப் பலகை) வச்சு டிஜிட்டல் கேமராவுல எடுத்துக்கலாம், ஒரு ஃப்ரேமுக்கு ரெண்டு ஷாட் எடுத்து ஒட்டினா இன்னும் நல்லா வரும்.