வேரியபிள் கேம் டைமிங்: ‘நேரம்’ என்ற சொல் சரிப்படுமா?

> வேரியபிள் கேம் டைமிங் = மாறுபடு நெம்புருள் நேரமைவு

ஐயா, எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேமின் கோணத்தை வண்டி ஓடும்போதே மாற்றும் ஏற்பாட்டுக்கு நீங்கள் தந்த இந்தக் கலைச்சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. ‘நெம்புருள்’ பாடநூலில் இருக்கட்டும். காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ பட்டறையில் கேட்டால் கேம்தான். அதைவிடப் பெரிய சிக்கல் ‘நேரம்’. இங்கே மாறுவது கோணம். கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வைத்துப் பார்த்தால் கேம் எத்தனை டிகிரி முந்துகிறது, எத்தனை டிகிரி பிந்துகிறது என்பதே கணக்கு. ‘நேரமைவு’ என்றால் மெக்கானிக்கின் கை நேரே கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயினுக்குப் போகும். கேமின் கோணத்தை மாற்றுவதோ எஞ்சின் ஆயில். பம்ப், ஃபில்டர் தாண்டி ஹெட்டுக்கு (எஞ்சினின் மேல்பகுதி) ஏறி, மின்சாரத்தில் இயங்கும் சோலனாய்டு வால்வு திறந்துவிட்ட பிறகே அது பேசருக்குள் (கேமின் முனையில் இருந்து கோணத்தை மாற்றும் பாகம்) போகிறது.

என் பரிந்துரை: கேம் கோணமாற்றம். பேசருக்கு ‘எண்ணெய்க் கோணமாற்றி’. அட்வான்ஸ், ரிட்டார்டுக்கு முந்தல், பிந்தல்.

---

முந்தல், பிந்தல் அருமை. ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடுகளை, பி0011 (P0011) முந்தல் கோளாறு, பி0012 பிந்தல் கோளாறு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ‘எண்ணெய்’ என்ற ஒட்டு மட்டும் வேண்டாம். மின்மோட்டாரில் திரும்பும் பேசரும் வந்துவிட்டது.

ஆயிலில் இயங்கும் பேசருக்கு ஆயில் அழுத்தம் முக்கியம் என்பதால், ‘ஆயில் பிரஷர் ரீடிங்’கை ஒரே சொல்லில் அடக்கவும் கூடாது. ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் 5.4 லிட்டர் எஞ்சினில் (சிலிண்டருக்கு 3 வால்வு) டாஷ்போர்டின் ஆயில் அழுத்த முள்ளை ஆட்டுவது வெறும் சுவிட்ச். சுமார் 6 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) தாண்டினாலே முள் நடுவில் போய் நிற்கும். இது ‘முள்ளளவு’. சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி எடுப்பது ‘நேரளவு’. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஒன்று, 2000 ஆர்பிஎம்மில் ஒன்று எடுக்க வேண்டும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் காலையில் எடுத்த அளவு ஏமாற்றும். கத்திரி வெயிலில் நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டியின் ஐடில் அளவில்தான் குட்டு வெளிப்படும். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பொதுக்கணக்கு. கம்பெனி மேனுவல் சொல்வதே முடிவு.

---

நேரளவும் முழுசாகப் போதாது. அந்த எஞ்சினில் சுவிட்ச் இருப்பது கீழே, ஃபில்டர் பக்கம். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் சீல் கிழிந்தால் ஆயில் அங்கேயே பீறிட்டு வீணாகும். கீழே கேஜ் தேவலை என்று காட்டும்போதே ஹெட் பட்டினி கிடக்கும். சூடான ஐடிலில் பேசர் ‘டக் டக்’கென்று தட்டுவது இதனாலும்தான். எனவே ‘அடியளவு’, ‘ஹெட்டளவு’ என்று பிரித்தாக வேண்டும். (‘தலையளவு’ என்றால் தொப்பிக் கடை ஆகிவிடும்.)

பி0012, பி0022 (எஞ்சினின் இரு பக்கத்துக் கேம்களின் பிந்தல் கோளாறுகள்) இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் ஆயிலின் அளவையும் தரத்தையும் அழுத்தத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தால் முதல் சந்தேகம் அந்தப் பக்கத்துச் சோலனாய்டு மேல். அதன் வலையில் கசடு அடைத்திருக்கலாம். ஐடிலில் சோலனாய்டுக்கு ஒரு நொடி 12 வோல்ட் கொடுத்தால் எஞ்சின் குலுங்க வேண்டும், அல்லது அணைய வேண்டும். அசையாவிட்டால் சோலனாய்டு சிக்கியிருக்கலாம், கோணமாற்றிக்கு ஆயில் போகாமல் இருக்கலாம், அல்லது கோணமாற்றியே சிக்கியிருக்கலாம்.

சோலனாய்டுக்குத் தமிழ் தேட வேண்டாம். ஸ்பேர் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள்.