டீசல் முடிந்து நின்ற பழைய கார்

கேள்வி: மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், ஒட்டுசுட்டானுக்கு அருகே, எனது பழைய டீசல் கார் எண்ணெய் முடிந்து நின்றுவிட்டது. ஐந்து லீற்றர் ஊற்றியும், ஸ்ராட்டர் நன்றாகச் சுற்றுகிறதே தவிர, என்ஜின் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம், அண்ணாமாரே?

பதில் 1: தம்பி, எண்ணெய்க் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கும். பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அழுத்தி, அங்கே காற்றை வெளியேற்றும் திருகாணியைச் சற்றுத் தளர்த்துங்கள். நுரையோடு வரும் டீசல், குமிழி அடங்கித் தெளிவாக வழிந்ததும் இறுக்கிவிடுங்கள்.

பதில் 2: ஸ்ராட்டரைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், பற்றரி இறங்கிவிடும், ஸ்ராட்டரும் சூடாகும். பழைய தாங்கியின் அடிமண்டி பில்டரை அடைத்திருக்கவும் கூடும்.

கேட்டவர்: மிக்க நன்றி, அண்ணா. கைப்பம்பு இறுக வெகுநேரம் எடுத்தது. வெண்புகை கக்கி, இப்போது சீராக ஓடுகிறது. பில்டரை நாளையே மாற்றுகிறேன்.