டிப்பருக்குக் கழற்றிப் பூட்டுற பெட்டி: செய்தாக்கள் இருக்கீங்களா?

களுவாஞ்சிகுடி டிப்பர்:

எல்லாருக்கும் வணக்கம். என்னட்டப் பத்தடிக்கு ஆறடி பொடி (சாமான் ஏத்துற பின்தட்டு) உள்ள சின்ன டிப்பர் ஒண்டு கிடக்கு. பக்கப் பலகை ஒன்றரை அடி உயரம். இவ்வளவு நாளும் மணலும் கிரவலும்தான் ஏத்தினது. இப்ப மச்சான் கொப்பு அரைக்கிற மெசின் ஒண்டு எடுத்திருக்கார். கரண்ட் கம்பியில முட்டுற மாங்கொப்பு, வேப்பங்கொப்பு எல்லாத்தையும் வெட்டி அதுக்குள்ள குடுத்தா விரல்கணு அளவுச் சீவலா ஊதித் தள்ளுது. களுதாவளைத் தோட்டக்காரர் மணல் நிலத்துக்கு மூடாக்குப் போடக் கேக்கிறாங்க, தென்னைக்காரரும் கேக்கிறாங்க. வெள்ளாமை வெட்டி முடிஞ்சா மில்லுகளில உமியும் ஏத்தலாம் எண்டு ஒரு எண்ணம்.

பிரச்சினை என்னண்டா, என்ட பொடிக்குள்ள 90 கன அடிதான் பிடிக்கும், ஒரு கியூப்பே (100 கன அடி) வராது. அந்தளவு மணலுக்கு வண்டி இருந்து எழும்பும். சீவலுக்கு ஏத்தினதே தெரியல்ல. போன கிழமை கும்பாரமா ஏத்திக்கொண்டு போக, கல்லடிப் பாலத்துல கச்சான் காத்து அடிச்சு, பின்னால மோட்டார்சைக்கிள்ல வந்த ஒரு ஐயாட கண்ணுக்குள்ள தூள் போயிட்டுது. முந்திக்கொண்டு வந்து மறிச்சு அவர் ஏசின ஏச்சு இன்னும் காதுக்குள்ள கிடக்கு. பிழை என்னிலதான்.

மேல மூணடிக்கு ஒரு பெட்டி அடிக்கப் பாக்கிறன். ஆனா மணல் வேலை வந்தா கழற்றி வைக்கவும் வேணும். தகரமா, பலகையா? எப்படிப் பூட்டுறது?

சம்மாந்துறை உமிக்காரன்:

தம்பி, முதல் பாரத்தைப் பாருங்க. மூணடி கூட்டினா மொத்தம் 270 கன அடி, அதாவது 2.7 கியூப். உமி எண்டா கன மீட்டருக்கு 100 கிலோவும் கொஞ்சமும்தான், முழுக்க நிரப்பினாலும் முக்கால் டொன்னில இருந்து 900 கிலோக்குள்ள நிக்கும். பச்சைக் கொப்புச் சீவல் அதைவிட மூணு நாலு மடங்கு, இரண்டரை மூணு டொன் வரும். மழையில நனைஞ்சா இன்னும் ஏறும். அதே பெட்டிய மணலால நிரப்பினா 12 டொன். நீங்க நிரப்ப மாட்டீங்க, ஆனா நீங்க இல்லாத நாள் வண்டி எடுக்கிற பொடியன் நிரப்புவான். பழைய பலகை மட்டத்துல சிவப்புப் பெயின்ட்டால கோடு அடிச்சு வைங்க.

அடுத்தது என்ட கதை. நான் முதல் செய்த பெட்டி பக்கப் பலகைக்கு மேல சும்மா இருந்தது, கயிறுதான் கட்டினது. செங்கல் சூளையில போய்ப் பொடியைத் தூக்கினேன். உமி சரிஞ்சு இறங்கல்ல, இறங்கல்ல, பிறகு பெட்டியும் உமியும் ஒண்டாப் போச்சு. சூளைக்காரர் சிரிச்சுக்கொண்டே உமியைத் தோண்டிப் பெட்டிய எடுத்துத் தந்தார். பின்னால ஆள் நிண்டிருந்தா சிரிப்பு வந்திருக்காது. கயிறை நம்பாதீங்க.

காத்துக்குப் படங்கு மட்டும் போதாது, படபடத்துக் கிழியும். படங்குக்கு மேல பழைய மீன்வலை ஒண்டைப் போட்டு இழுத்துக் கட்டுங்க, அசையாது.

செங்கலடி வெல்டிங்:

உமிக்காரக் காக்கா சொன்னது சரி. பூட்டுறதுக்கு: பெட்டிட அடிச் சட்டத்துல ஆறு குத்திகள் (கட்டைக் கால்கள்) கீழ நோக்கி ஒட்டி, பக்கப் பலகைக்கு வெளிப்பக்கம் துண்டுக் குழாய் ஒட்டி அதுக்குள்ள இறக்குங்க. ஒவ்வொண்டுக்கும் குறுக்கால இரும்பு ஊசி (பின்), ஊசிக்குச் சங்கிலி. பொடி தூக்கேக்க இழுவை முழுக்க முன் இரண்டிலதான் வரும், அதைத் தடிப்பா ஒட்டுங்க.

சட்டம் ஒன்றரை அங்குலப் பொக்ஸ் பார், 2 மில்லிமீட்டர். 20 அடி நீளம் ஒண்டு 14 கிலோ அளவு, ஆறு நீளம் போதும். ஒரு மில்லிமீட்டர் தகடு அடிச்சா மொத்தம் 160 கிலோ சுத்தி வரும். பலகையும் பாரத்துல பெரிசாக் குறையாது, ஈரச் சீவலுக்கு ஓரம் ஊதிப்போகும், எனக்கு விருப்பமில்ல. சட்டம் வெளிய, தகடு உள்ள. சட்டத்தை உள்ள வைச்சா ஒவ்வொரு சட்டத்திலயும் சீவல் பிடிச்சு நிக்கும். முன்பக்கம் இரண்டு அங்குலம் ஒடுக்கி, பின்பக்கம் அகட்டுங்க. சீவல் ஒண்டோடொண்டு கொழுவிக்கொள்ற சாமான், நேர்ச் சுவர் எண்டா பாலம் மாதிரி நிண்டிரும். ஆள் ஏறி மண்வெட்டியால குத்தித் தள்ள வேண்டிவரும்.

பின்பக்கத்தில பழைய பலகையைக் கழற்றி வைச்சிட்டு, நாலரை அடிக்கு ஒரே கதவு போடுங்க. பிணைச்சல் மேல, கீழ பழைய கொக்கியே பிடிக்கும். மெசின் ஊதுறதுக்குக் கதவில மேல ஒரு அடிக்குத் திறவை விடுங்க.

நாகம் பூசின (கல்வனைஸ்) குழாய் எடுத்தா ஒட்டுற இடத்துல பூச்சை அரைச்சு எடுத்திட்டு ஒட்டுங்க. அந்தப் புகைக்கு இரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும், எனக்கு வந்திருக்கு. பால் குடிச்சாச் சரி எண்டு சொல்லுவாங்க, நம்பாதீங்க. பொடி தூக்கினபடி கீழ வேலை செய்யிறதெண்டா கட்டாயம் முட்டுக் குடுத்திட்டுப் போங்க.

களுவாஞ்சிகுடி டிப்பர்:

நன்றி காக்கா, நன்றி அண்ணன். 160 கிலோவை அஞ்சு பேர் தூக்கலாம், ஆனா தலைக்கு மேல தூக்கி இறக்கிறது? வீட்டு மாமரத்துல செயின் புளொக் போடலாம் எண்டா அம்மா விடமாட்டா.

சம்மாந்துறை உமிக்காரன்:

மரம் வேணாம். பெட்டிட நாலு மூலையிலயும் வெளிய தள்ளிக் குழாய்க் கூடு ஒட்டி, நாலு கால் சொருகுங்க. கால் பொடிக்கு வெளிய நிக்கோணும். காலுக்குக் கீழ போத்தல் ஜக் (வண்டி உயர்த்துற ஜக்கி) வைச்சு ஒவ்வொரு மூலையா அரை அங்குலம் அரை அங்குலமா உயர்த்தினா, குத்தி குழாயை விட்டு வெளிய வந்திரும். பிறகு வண்டியை முன்னுக்கு மெதுவா எடுங்க. திரும்பப் பூட்டுறதுதான் எரிச்சல், பின்னுக்கு வரேக்க ஒரு ஆள் பார்த்துச் சொல்லோணும். நிலம் மணல் எண்டா காலுக்குக் கீழ பலகைத் துண்டு.

இன்னொண்டு, பச்சைச் சீவலை இரவு முழுக்கப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க. விடியக் கை விட்டுப் பாருங்க, சுடும். தகடும் அழுகும்.

களுவாஞ்சிகுடி டிப்பர் (மூணு கிழமைக்குப் பிறகு):

செய்தாச்சு. ஒடுக்கம் இரண்டு அங்குலம் விட்டது நல்ல வேலை, முதல் லோட் ஒரே மூச்சில இறங்கிட்டுது. ஊசி ஒண்டுக்குச் சங்கிலி போடாம விட்டன், அது களுதாவளை ரோட்டுல எங்கயோ கிடக்கு. இப்ப கிரவல் வேலை வந்து பெட்டி முத்தத்துல நாலு காலில நிக்கிது. அம்மா அதுக்குக் கீழ வலை சுத்திக் கோழி அடைச்சிட்டா. திரும்பப் பூட்டுறதெண்டா முதல் அவவட்டத்தான் கேக்கோணும்.