அடிக்குறிப்பில் பக்க எண் பொருந்தவில்லை, அவசரம்

முல்லை23:
நாளை மறுநாள் கட்டுரை கொடுக்க வேண்டும். நான் குறித்த பக்கத்தில் அகத்தியர் இல்லவே இல்லை என்று நெறியாளர் திருப்பி அனுப்பிவிட்டார். என்னிடம் சரியாகத்தான் இருக்கிறது. யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.

கதிர்:
எந்த நூல்? எந்தப் பதிப்பு?

மாடிவீட்டுக்காரன்:
பிடிஎஃப்தானே? திரையில் காட்டும் எண்ணைப் போட்டிருப்பீர்கள். அது முகவுரையையும் சேர்த்து எண்ணும். பந்தயம் கட்டுகிறேன்.

முல்லை23:
அபிதான சிந்தாமணி, அகரவரிசையில் உள்ள பழைய இலக்கியக் கலைக்களஞ்சியம். பிடிஎஃப்தான், ஆனால் தாளில் அச்சான எண்ணைத்தான் போட்டேன்.

ஏட்டுச்சுவடி:
பதிப்பைக் கேட்டால் பிடிஎஃப் என்று பதில். தலைப்புப் பக்கத்தைக்கூடப் புரட்டாமல் ஆராய்ச்சிக்கு வந்துவிடுகிறார்கள். சரி, கேளுங்கள். சிங்காரவேலு முதலியாரின் நூல் முதலில் வந்தது 1910இல். அவர் மறைந்த பிறகு, 1934இல் விரிவான இரண்டாம் பதிப்பு. பக்கம் எப்படி ஒத்துப்போகும்?

செல்வி (நூலகர்):
அகரவரிசை நூலுக்குப் பக்க எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ‘அகத்தியர்’ என்ற தலைச்சொல்லையும் பதிப்பாண்டையும் குறியுங்கள். யார் எந்தப் பதிப்பை எடுத்தாலும் கண்டுபிடித்துவிடலாம். துறையில் பக்க எண் கட்டாயம் என்றால் அதையும் கூடவே போடுங்கள்.

கதிர்:
அது இருக்கட்டும், இதற்கு ஏன் அபிதான சிந்தாமணி? புராணமும் இலக்கியமும் கலந்து கிடக்கும். பெரியசாமித் தூரனின் கலைக்களஞ்சியம் பார்க்கலாமே, பத்துத் தொகுதி.

ஏட்டுச்சுவடி:
தனி ஒருவர் தொகுத்த நூலைக் குழு வைத்துச் செய்ததோடு ஒப்பிடுகிறீர்களா? கலந்து கிடப்பதுதான் அதன் அழகு.

கதிர்:
அழகு வேறு, ஆதாரம் வேறு ஐயா.

ஏட்டுச்சுவடி:
கதையைத் தேடுபவருக்குக் கதைதான் தம்பி ஆதாரம்.

செல்வி (நூலகர்):
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முல்லை, உங்கள் தலைப்பு என்ன? சங்கத்தோடு அகத்தியரைச் சேர்த்துப் பேசும் மரபு என்றால் அகராதியோடு நிற்காதீர்கள். முச்சங்கக் கதை, இறையனார் களவியல் என்ற அகப்பொருள் இலக்கண நூலின் உரையில் இருக்கிறது. தலைச்சங்கத்தில் அகத்தியர் வருவதை அங்கேயே படித்து, அங்கிருந்தே மேற்கோள் காட்டுங்கள். அகராதி வழி காட்டும், அவ்வளவுதான்.

மாடிவீட்டுக்காரன்:
திரை எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முல்லை23:
என்னுடையது 1910, நெறியாளரிடம் இருப்பது 1934. தலைச்சொல் போட்டு அனுப்பிவிட்டேன், ஏற்றுக்கொண்டார். தலைப்பு முச்சங்கம்தான் அக்கா, களவியல் உரையும் எடுத்துவிட்டேன். நன்றி.

ஏட்டுச்சுவடி:
களவியல் உரை எந்தப் பதிப்பு?

கதிர்:
ஆள் போய் இரண்டு நாள் ஆகிறது ஐயா.