புதிதாக டிடெக்டர் எடுத்தவர் சத்தம் வரும் இடத்தையெல்லாம் தோண்ட வேண்டுமா?

புதுக்கை:
வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன்பு ஆரம்ப நிலை மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கினேன். திரையில் 0 முதல் 99 வரை எண் காட்டும் சாதாரண மெஷின். தெரிந்தவர் ஒருவருடைய தரிசு நிலத்தில், அவரிடம் கேட்டுக்கொண்டு தேடுகிறேன். நிலத்தின் ஓரமாக முன்பு நடைபாதை இருந்ததாம். அதனால் பழைய நாணயம் கிடைக்கும் என்று நம்பிக்கை. இதுவரை கிடைத்தது பதினொரு சோடா மூடி, கைநிறைய கேன் வளையம், கசங்கிய அலுமினியத் தாள், துருப்பிடித்த சாவி ஒன்று.

அனுபவமுள்ள இருவரிடம் கேட்டேன். ஒருவர், டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தின் சத்தத்தை அடைக்கும் செட்டிங்) நன்றாகக் கூட்டி வை, குப்பைக்குச் சத்தமே வராது என்றார். மற்றவர், அதைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் தோண்டு என்றார். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து குழம்பிப் போயிருக்கிறேன். யார் பேச்சைக் கேட்பது?

மண்காது:
தம்பி, பூஜ்யத்தில் வை. முதல் ஐம்பது மணி நேரமாவது எல்லாவற்றையும் தோண்டு.

காரணம் சொல்கிறேன். தரைமேல் வீசும் தட்டுதான் காயில். அதற்குள் இருக்கும் ஒரு சுருள், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதுவும் தன் பங்குக்கு ஒரு புலத்தை எழுப்புகிறது. இன்னொரு சுருள் அதை வாங்கிக்கொள்கிறது. திரும்பி வருவது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைத்தான் மெஷின் எண்ணாக்கிக் காட்டுகிறது. வெள்ளியும் செம்பும் எண்ணை மேலே கொண்டுபோகும். மெல்லிய அலுமினியத் தாள் கீழே நிற்கும். வம்பெல்லாம் நடுவில்தான். கேன் வளையம், சின்னத் தங்க மோதிரம், நிக்கல் கலந்த நாணயம் மூன்றும் ஏறத்தாழ ஒரே எண்ணில் வந்து உட்காரும். வளையம் வேண்டாம் என்று அந்த எண்ணை அடைத்தால் மற்ற இரண்டுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிட்டாய் என்று அர்த்தம்.

அப்புறம் காது. நாணயத்தின் சத்தம் உருண்டையாக, வெட்டு இல்லாமல் வரும். சோடா மூடியின் சத்தம் ஓரங்களில் கரகரக்கும். இதை நான் எழுதி நீ படித்தால் போதாது. கேட்டுவிட்டுத் தோண்டி, என்ன வந்தது என்று பார்த்துப் பார்த்துத்தான் காது பழகும்.

அளந்துதோண்டு:
மண்காது அண்ணா சொல்லும் இயற்பியல் சரி. பயிற்சி முறையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஐம்பது மணி நேரம் ஆணி தோண்டினால் ஆணி தோண்டத்தான் பழகும். அதற்குள் பலர் மெஷினைத் தூக்கி மூலையில் வைத்துவிடுகிறார்கள். ஆசையோடு வந்த எத்தனையோ பேர் இப்படிப் போவதைப் பார்த்து எனக்கு வருத்தம்.

புதுக்கை, செட்டிங்கை விடுங்கள். முதலில் உங்கள் வீச்சைக் கவனியுங்கள். காயில் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் போகிறது? புதியவர்கள் ஊஞ்சல் மாதிரி வீசுவார்கள். நடுவில் தரையை ஒட்டிப் போகும், இரண்டு ஓரத்திலும் ஒரு சாண் தூக்கிக்கொள்ளும். ஆரம்ப நிலை மெஷின் ஒரு நாணயத்தை ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை பிடிக்கும், அதுவும் மண் நன்றாக இருந்தால். நீங்கள் ஓரத்தில் தூக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அந்த ஆழத்தில்தான் கழியும். இரண்டு விரற்கடை உயரம், தரைக்கு இணையாக, மெதுவாக. ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும்.

சத்தம் வந்ததும் மண்வெட்டியை எடுக்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து கால்வட்டம் நடந்து, 90 பாகை திரும்பி அதே இடத்தின் மேல் மறுபடி வீசுங்கள். படுத்த நிலையில் கிடக்கும் நாணயம் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே எண், ஒரே சத்தம். ஆணி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் நன்றாக ஒலித்து மறுபக்கத்தில் உடையும், அல்லது இடம் நகரும். இந்த ஒரு சோதனை வீண் குழிகளில் பாதியைக் குறைத்துவிடும். டிஸ்கிரிமினேஷனில் இரும்பின் சத்தத்தை மட்டும் அடைத்து வையுங்கள். மற்றதெல்லாம் காதில் விழட்டும், ஆனால் இரண்டு பக்கமும் ஒத்து வருவதை மட்டும் தோண்டுங்கள்.

மண்காது:
"இரும்பை மட்டும் அடை" என்கிறீர்களே, பழைய இடத்தில் அதுதான் பெரிய இழப்பு. ஆட்கள் புழங்கிய இடம் என்றால் ஆணி இல்லாமல் இருக்காது. ஆணிக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு வெள்ளி நாணயம் கிடக்கிறது என்று வையுங்கள். காயில் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும். இரும்பு வந்ததும் மெஷின் வாயை மூடிக்கொள்ளும். அது மறுபடி வாய் திறப்பதற்குள் காயில் நாணயத்தைத் தாண்டிப் போயிருக்கும். மெதுவாக மீளும் ஆரம்ப நிலை மெஷின்களில் இது இன்னும் மோசம். நாணயம் அங்கேயேதான் கிடக்கும், நமக்குத் தெரியாது.

இந்தத் தொழில்நுட்பம் தொடங்கிய காலத்துக் கதை ஒன்று. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டார்கள். உடலுக்குள் தங்கிய குண்டைத் தேட, தொலைபேசியால் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு தூண்டல் கருவியைக் கொண்டுவந்தார். சோதனைகளில் வேலை செய்த கருவி அது. ஆனால் அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் எஃகு ஸ்பிரிங்குகள் இருந்தன. அவற்றின் சத்தத்தில் குழப்பம் வந்தது. போதாததற்கு, குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்ட மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது தெரிந்தது. அருகில் இரும்பு, மனதில் முன்முடிவு. இந்த இரண்டிலும் புதியவர் சிக்கக் கூடாது என்றுதான் பூஜ்யத்தில் வைக்கச் சொல்கிறேன்.

அளந்துதோண்டு:
அண்ணா, பெல் கதை எனக்குத்தான் துணை நிற்கிறது. ஸ்பிரிங் சத்தத்தை ஒவ்வொன்றாகத் தோண்டியிருந்தால் குண்டு கிடைத்திருக்காது. மெத்தையை மாற்றியிருக்க வேண்டும். நம் விஷயத்தில் மெத்தையை மாற்றுவது என்றால் சின்ன காயில். இரும்பு நிறைந்த இடத்தில் சின்ன காயில் போட்டால் ஒரு நேரத்தில் குறைந்த மண்ணையே பார்க்கும், ஆணியையும் நாணயத்தையும் பிரித்துக் காட்டும். ஆழம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கூடவே வீச்சையும் பாதி வேகத்துக்குக் குறைக்க வேண்டும்.

இரும்பு நாணயமாக நடிக்கும் என்பதையும் சொல்லாமல் விட்டீர்கள். துருப்பிடித்த பெரிய வாஷர், தட்டையான இரும்புத் துண்டு எல்லாம் வெள்ளி எண்ணுக்கே தாவும். "எண்ணைப் பார்த்துக் காது பழகும்" என்று இறங்கினால் தப்பாகத்தான் பழகும்.

மண்காது:
வாஷர் தாவும் என்பது உண்மைதான். அந்தச் சத்தத்தில் ஒரு கீறல் இருக்கும், எண்ணும் ஒரு நிலையில் நிற்காது. எனக்கு அது தெரியும், ஏனென்றால் நூற்றுக்கணக்கான வாஷர் தோண்டியிருக்கிறேன். தம்பிக்கு எப்படித் தெரியும்?

தம்பி, எங்கள் இருவரையும் நம்ப வேண்டாம். ஒரு மேஜையில் நீயே சோதித்துப் பார். மேஜை மரமாக இருக்க வேண்டும், கைபேசியைத் தள்ளி வை. ஒரு நாணயத்தை வைத்து, பக்கத்தில் ஓர் இரும்பு ஆணியை வை. இரும்பை அடைத்து ஒருமுறை, பூஜ்யத்தில் ஒருமுறை காயிலை மேலே ஓட்டு. ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார். கேட்டதை இங்கே எழுது.

அடுக்கு:
நீங்கள் இருவரும் எதைத் தோண்டுவது என்றே பேசுகிறீர்கள். எப்போது நிறுத்துவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அகழாய்வுகளில் வேலை செய்தவள் என்பதால் எனக்கு இது மனதை உறுத்துகிறது.

1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னே கிராமத்தில் ஒருவர் டிடெக்டரோடு இறங்கினார். அவர் தேடியது நண்பரான விவசாயி தொலைத்த சுத்தியலை. கிடைத்தது ரோமானிய வெள்ளிக் கரண்டிகளும் நாணயங்களும். புதையல் என்று தெரிந்ததும் முழுக்கத் தோண்டாமல் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து எடுத்தார்கள். அதனால்தான் அது ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தது, எந்தப் பொருள் எதன் பக்கத்தில் இருந்தது என்பதெல்லாம் இன்று தெரியும். சுமார் 15,000 நாணயங்கள்.

2010-இல் அதே நாட்டின் ஃப்ரோம் ஊருக்கு அருகே இன்னொருவருக்கு ஒரு விசித்திரமான சிக்னல். தோண்டினார், சின்ன நாணயங்கள் வந்தன, பிறகு பானையின் ஓடு தெரிந்தது. அங்கேயே நிறுத்தி, குழியை மூடித் தகவல் கொடுத்தார். ஒரே பானையில் 52,503 ரோமானிய நாணயங்கள். ஆய்வாளர்கள் அடுக்கு அடுக்காக எடுத்தார்கள். பானையில் இருந்தவற்றிலேயே காலத்தால் பிந்திய, கராசியஸ் என்ற ஆட்சியாளர் காலத்து நாணயங்களில் பெரும்பகுதி மேலே இல்லாமல், பாதிக்கும் கீழே இருந்தது. சேமிப்பு உண்டியல்போல் வருடக்கணக்கில் சேர்த்திருந்தால் அவை மேலேதானே இருக்க வேண்டும்? மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது அப்படித்தான். அள்ளி ஒரு வாளியில் போட்டிருந்தால் நாணயங்கள் மிஞ்சியிருக்கும், இந்தச் செய்தி போயிருக்கும்.

"எல்லாவற்றையும் தோண்டு" என்று புதியவரிடம் சொல்லும்போது கூடவே எல்லையையும் சொல்லுங்கள். ஒரே குழியில் இரண்டாவது பழைய நாணயம், பானை ஓடு, மண்ணின் நிறத்தில் திடீர் மாற்றம், இதில் எது தெரிந்தாலும் கையை எடுக்க வேண்டும். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. அயர்லாந்தில் அரசின் ஒப்புதல் இல்லாமல் தொல்பொருள் தேடி டிடெக்டர் பயன்படுத்துவதே குற்றம். தம்பி, நிலத்துக்காரர் சரி என்றது நல்லது. அது மட்டும் போதுமா என்று உன் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த முறை இறங்கு.

மண்காது:
சட்டம், எல்லை இரண்டையும் ஏற்கிறேன். முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உழுத மண்ணில் கிடக்கும் ஒற்றை நாணயத்தை எடுப்பது கேடு என்று அடுக்கு சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கலப்பை அதை எப்போதோ புரட்டிவிட்டது. விட்டுவைத்தால் இயந்திரத்தில் அடிபட்டு, உரத்தில் அரித்துப் போகும்.

அடுக்கு:
கேடு என்று சொல்லவில்லை. கலப்பை ஆழத்தைக் குலைக்கும், ஆனால் நாணயத்தை நெடுந்தூரம் கொண்டுபோவது அரிது. ஆகவே நிலத்தில் எந்த இடம் என்பது இன்னும் பயனுள்ள தகவல்தான். கைபேசியில் இடத்தைக் குறித்து, ஆழத்தை எழுதி, நாணயத்தைத் தனிப் பையில் போட ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடத்தைத்தான் கேட்கிறேன்.

புதுக்கை:
எல்லோருக்கும் நன்றி. சட்டத்தைப் பார்த்துவிட்டேன். என் நாட்டில் இப்படித் தேட உரிமம் தேவையில்லை, பழைய பொருள் கிடைத்தால் தெரிவிக்க வேண்டும். பத்து நாள் ஆகிவிட்டது, நடந்த விவரத்தை இப்போது எழுதுகிறேன்.

மேஜைச் சோதனை: இரும்பை அடைத்துவிட்டு ஆணியை நாணயத்துக்கு ஒட்டி வைத்தால் சுத்தமாக அமைதி. மூன்று விரற்கடை தள்ளினால் லேசாக ஒரு துண்டுச் சத்தம். ஒரு சாண் தள்ளிய பிறகுதான் நாணயம் ஒழுங்காக ஒலித்தது. பூஜ்யத்தில் வைத்தபோது ஒட்டி இருக்கும்போதே ஆணியின் உறுமலும், அதன் முதுகில் ஒரு சின்னக் கூவலும் கேட்டது. மண்காது அண்ணா சொன்னதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அதே சமயம் வேகமாக வீசினால் அந்தக் கூவல் பூஜ்யத்திலும் காணாமல் போகிறது.

அதனால் நிலத்தில் டிஸ்கிரிமினேஷன் பூஜ்யம், வீச்சு பாதி வேகம், தோண்டும் முன் 90 பாகை சோதனை. உறுமல் மட்டும் வந்தால் விட்டுவிடுகிறேன். உறுமலுக்குள் கூவல் கேட்டால் தோண்டுகிறேன்.

நேற்று பழைய நடைபாதை இருந்த பக்கத்தில் அப்படி ஒரு சத்தம். எண் 40-க்கும் 70-க்கும் இடையே தாவிக்கொண்டே இருந்தது. புல்லை மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கம் கீல் மாதிரி விட்டுத் திருப்பினேன். மண்ணைத் துணியில் கொட்டித் தேடினேன். ஒன்பது சென்டிமீட்டரில் வளைந்த ஆணி, அதற்கு ஒரு விரல் கீழே நாணயம். செம்பு போலத் தெரிகிறது, பச்சை படிந்திருக்கிறது, ஓரத்தில் எழுத்துகள் தடவினால் தட்டுப்படுகின்றன. கை நடுங்கியது. குழியில் வேறு எதுவும் இல்லை, காயிலை விட்டு மறுபடி கேட்டுவிட்டு மூடினேன். இடமும் ஆழமும் குறித்திருக்கிறேன். இன்னும் மண்ணோடுதான் இருக்கிறது. எழுத்தைப் படிக்க வேண்டும். பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா?

அடுக்கு:
தேய்க்காதே தம்பி. அந்தப் பச்சைப் படிவத்தில்தான் எழுத்தின் வடிவம் நிற்கிறது. உரித்தால் எழுத்தும் அதோடு வந்துவிடும். காய்ந்த மண்ணை மட்டும் மென்மையான மரக்குச்சியால், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டு, துணுக்குத் துணுக்காக எடு. வினிகர், எலுமிச்சை, பற்பசை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. உலர்வாக வை. கெட்டியான கரும்பச்சை என்றால் பயமில்லை. வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது உப்பால் வரும் அரிப்பு, உடனே எழுது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் படம் எடுத்துப் போடு, எழுத்தைச் சேர்ந்து படிப்போம். படித்த பிறகு தெரிவிக்க வேண்டிய இடத்தில் தெரிவித்துவிடு.

மண்காது:
வாழ்த்துகள் தம்பி! 40-க்கும் 70-க்கும் இடையே தாவிய அந்த எண்ணை இரும்பை அடைத்து வைத்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டாய்.

அளந்துதோண்டு:
மனமார்ந்த வாழ்த்துகள். அண்ணா, அவர் பாதி வேகத்தில் வீசினார், 90 பாகை திரும்பினார், வெறும் உறுமலை விட்டுவிட்டார். எல்லாவற்றையும் தோண்டவில்லையே. புதுக்கை, நாணயம் வந்த குழியைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டத்தை நாளை குறுக்காகவும் ஒருமுறை வீசிப் பாருங்கள். நெட்டாக மட்டும்தானே போயிருக்கிறீர்கள்? செங்குத்தாக நிற்கும் நாணயம் ஒரு திசையில் நழுவி மறு திசையில் மாட்டும். இரண்டாவது நாணயம் தெரிந்தால் அடுக்கு அக்கா சொன்னபடி அங்கேயே நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.