கொட்டை, விதை தின்னும் பழக்கம்: பல தேசத்தாரிடம் நீங்கள் கண்டது என்ன?

தளிர்:
பல நாட்டவர் வந்துபோகும் மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘வாரத்தில் எத்தனை முறை கொட்டை, விதை வகைகள் சாப்பிடுவீர்கள்?’ போன மாதம் நைஜீரியாவைச் சேர்ந்த ஓர் அம்மா, ‘சாப்பிடுவதே இல்லை’ என்று எழுதியிருந்தார். நேற்று என்ன சமைத்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். எகுசி சூப் என்றார்.

எகுசி என்பது தர்பூசணிக்கு உறவான ஒரு கொடியின் விதை. அரைத்து, கீரையும் மீனும் இறைச்சியும் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். விதையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், புரதமும் ஏராளம். வாரத்தில் நான்கு நாள் அதுதான் சமையலாம்! அவருக்கு அது சூப். விதை தின்பதாக அவர் நினைத்ததே இல்லை. அவர் பதிலில் தப்பில்லை, என் கேள்வியில்தான் தப்பு.

2013இல் ஸ்பெயினில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. மத்தியதரைக் கடல் பகுதி உணவோடு தினமும் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்தன என்றது. ஆட்களைக் குழுக்களாகப் பிரித்த விதத்தில் குறை தெரியவந்து, கணக்கை மறுபடி போட்டு 2018இல் திருத்தி வெளியிட்டார்கள். அப்போதும் முடிவு பெரிதாக மாறவில்லை. அந்த 30 கிராமைத்தான் நாங்கள் வருகிறவர்களிடம் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொருவரும் ஏற்கெனவே எப்படித் தின்கிறார்கள் என்று தெரியாமல் என்ன சொல்லி என்ன? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கடலோடி:
சரக்குக் கப்பலில் இன்ஜின் பிரிவில் பதினோரு வருடம். ரஷ்யர்களும் உக்ரைன்காரர்களும் கூட வேலை பார்த்தார்கள். அவர்கள் சூரியகாந்தி விதை தின்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஓட்டோடு வறுத்த விதை வாய்க்குள் போகும், பல் ஒரு கடி, நாக்கு ஒரு புரட்டு, ஓடு உதட்டோரம் வந்து நிற்கும். கை குறுக்கே வராது. பேச்சும் நிற்காது.

ஒருமுறை துறைமுகத்தில் ஓடு நீக்கிய பருப்பை வாங்கிவந்து கொடுத்தேன். ஒரு கை அள்ளித் தின்றுவிட்டு, ‘இதை வைத்துக்கொண்டு இரவு ஷிப்ட்டை எப்படி ஓட்டுவது?’ என்று கேட்டார் ஒருவர். எனக்கு அப்போதுதான் புரிந்தது. பசிக்குத் தின்னவில்லை அவர்கள், பொழுதுக்குத் தின்கிறார்கள். ஓடு இருந்தால் ஒரு கிண்ணம் மூன்று மணி நேரம் வரும், இல்லாவிட்டால் ஐந்து நிமிடம். இத்தனைக்கும் அந்தச் செடி அவர்கள் மண்ணில் பிறந்ததல்ல, வட அமெரிக்கப் பழங்குடிகள் பயிராக்கியது.

தளிர், உப்பையும் கேளுங்கள். ஓட்டின் மேல்தான் உப்பு அப்பியிருக்கும். பருப்பை மட்டும் கணக்கெடுத்தால் அது விட்டுப்போகும். எங்கள் சீஃப் இன்ஜினியருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. சாப்பாட்டில் உப்பே சேர்க்க மாட்டார், விதைக் கிண்ணத்தை மட்டும் விட மாட்டார்.

விடுதிவாசி:
ஆராய்ச்சி மாணவர் விடுதியில் என் அறைக்கு ஒருபக்கம் ஈரானியர், மறுபக்கம் சீனர்.

டிசம்பரில் ஆண்டின் மிக நீண்ட இரவை ஈரானியர்கள் யல்தா என்று கொண்டாடுகிறார்கள். மாதுளை, தர்பூசணி, நடுவில் ஒரு பெரிய தட்டு நிறைய ‘ஆஜீல்’. பிஸ்தா, பாதாம், பூசணி விதை, வறுத்த கொண்டைக்கடலை, உலர்ந்த பழம் எல்லாம் கலந்தது. அதைத் தனியாகத் தின்னும் ஆளை நான் பார்த்ததில்லை. தட்டு வந்தால் ஆட்களும் வந்துவிடுவார்கள்.

சீன நண்பர் தர்பூசணி விதையை உடைப்பார். பெரிய கறுப்பு விதைக்கென்றே தனி ரகம் வளர்க்கிறார்களாம். சிறுவயது முதல் ஒரே பல்லால் கடித்ததில் அவருடைய முன்பல்லில் சின்னதாக ஒரு பள்ளம். ‘விதைப் பல்’ என்று அவர்கள் மொழியில் பெயரே இருக்கிறது. முதல் தடவை அவர் அதைக் காட்டியபோது, ஒரு பழக்கம் உடம்பில் இவ்வளவு தெளிவாக எழுதிவைத்திருக்குமா என்று வியந்துபோனேன்.

அகிலன்அம்மா:
நான் சொல்லப்போவது வேறு மாதிரி. நாங்கள் லண்டனில் இருந்தபோது, 2005இல் பிறந்தான் மகன். குழந்தைக்குத் தோல் அரிப்பு இருந்ததால் 3 வயது வரை வேர்க்கடலையே காட்டாதீர்கள் என்றார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கமான அறிவுரை. அப்படியே செய்தோம். மூன்றே முக்கால் வயதில், ஒரு பிறந்தநாள் விழாவில் பிஸ்கட் ஒன்றைக் கடித்தான். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆம்புலன்ஸ். அந்த இருபது நிமிடத்தை இன்றும் என்னால் நிதானமாகச் சொல்ல முடியாது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2008இல் ஓர் ஆய்வு. பிரிட்டனில் வளரும் யூதப் பிள்ளைகளுக்கு, இஸ்ரேலில் வளரும் யூதப் பிள்ளைகளைவிடச் சுமார் 10 மடங்கு வேர்க்கடலை ஒவ்வாமை. இஸ்ரேலில் குழந்தைகள் பல் முளைக்கும் பருவத்திலேயே வாயில் கரையும் வேர்க்கடலைத் தின்பண்டத்தைச் சுவைக்கிறார்கள், பிரிட்டனில் ஒளித்துவைத்தோம். அதைப் பிடித்துக்கொண்டு 640 குழந்தைகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2015இல் வந்தது. 4 முதல் 11 மாதத்துக்குள் தொடங்கித் தொடர்ந்து தின்றவர்களிடம் ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அறிவுரையே தலைகீழாக மாறிவிட்டது.

இதைப் படிக்கும் தாய்மார்களே, தயவுசெய்து ஒன்றை மறக்காதீர்கள். கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கு முழுக் கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ஏற்கெனவே ஒவ்வாமை வந்த என் மகனுக்கு இந்த வழி பொருந்தாது. அவன் பையில் இன்றும் ஊசி இருக்கிறது.

கடலோடி:
அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத ஓடவில்லை. கப்பல் சமையலறையில் எள், கடலை எதில் சேர்ந்திருக்கிறது என்று எழுதி ஒட்டச் சொல்வேன், சிலர் சலித்துக்கொள்வார்கள். இனி இன்னும் அழுத்திச் சொல்வேன்.

தளிர்:
அகிலன்அம்மா, எழுதியதற்கு நன்றி. எங்கள் படிவத்தில் ஒவ்வாமைக்கான கட்டம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரக் கேட்டிருக்கிறேன். பழைய கேள்வியை எடுத்துவிட்டு நான்கு கேள்விகளாகப் பிரித்திருக்கிறேன்: குழம்பிலோ சூப்பிலோ அரைத்துச் சேர்ப்பீர்களா? ஓட்டோடா, பருப்பாகவா? உப்பு உண்டா? யாரோடு தின்பீர்கள்?

இந்த வாரம் ஈரானியர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். முதல் மூன்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. நான்காவதற்கு அரை மணி நேரம் பேசினார்.